பின்வில் படுகை

பின்வில் படுகை என்பது, ஒரு புவித்தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும் இடத்தில், எரிமலை வரிசைக்குப் பின்புறம் புவி மேலோடு இழுபட்டு, மெலிந்து, தாழ்வதால் உண்டாகும் பள்ளம் ஆகும். இத்தகைய படுகைகளில் பெரும்பாலானவை கடலால் மூடப்பட்டுள்ளன. அந்தமான் கடல், ஜப்பான் கடல், மேற்குப் பசிபிக்கிலுள்ள மரியானா பள்ளம், டோங்காவுக்கும் பிஜிக்கும் இடையிலுள்ள லாவ் படுகை, இத்தாலிக்கு மேற்கே அமைந்த திர்ரேனியக் கடல் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. சுமத்ராவில் இருப்பவை போன்ற சில படுகைகள் படிவுகளால் நிரம்பி, மேலிருந்து பார்க்கும்போது சாதாரணச் சமவெளியாகவே தோன்றுகின்றன.

தட்டு எல்லைகளைப் பள்ளிப் பாடநூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. இணையும் எல்லையில் நெருக்கமும் மலையாக்கமும், விலகும் எல்லையில் விரிவும் புதிய கடல்தரையும், பக்கவாட்டு எல்லையில் உராய்வும் நிகழ்கின்றன என்பது அந்தப் பாடம். முதல் அறிமுகத்துக்கு இது போதும். ஆனால் பின்வில் படுகை இந்தப் பாகுபாட்டில் அடங்குவதில்லை. இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருக்கும் எல்லையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தொலைவிலேயே நிலம் விரிகிறது. சில இடங்களில் புதிய கடல்தரையும் பிறக்கிறது. நெருங்கும் இடத்தில் விரிவு எப்படி வந்தது என்ற கேள்வியே இப்படுகைகளைப் பற்றிய ஆய்வின் மையம்.

பெயரும் அமைப்பும்

அமிழ்தல் மண்டலத்தில் முதலில் காணப்படுவது ஆழ்கடல் அகழி. அமிழும் தட்டு வளைந்து கீழிறங்கும் இடம் அது. அகழிக்கு இணையாக, பொதுவாக 100 முதல் 300 கிலோமீட்டர் தள்ளி, எரிமலைகள் வரிசையாக எழும்புகின்றன. வரைபடத்தில் இவ்வரிசை வில்லைப் போல வளைந்திருப்பதால் எரிமலை வில் எனப்படுகிறது. அகழிக்கும் எரிமலை வில்லுக்கும் இடைப்பட்ட பகுதி முன்வில். வில்லைத் தாண்டி அகழிக்கு எதிர்ப்புறம் உள்ள பகுதி பின்வில். அகழியில் நின்று பார்ப்பவருக்கு எது முன், எது பின் என்பதை வைத்தே இப்பெயர்கள் அமைந்தன.

எரிமலைகள் ஏன் அந்தக் குறிப்பிட்ட தொலைவில் தோன்றுகின்றன என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். அமிழும் தட்டு, கடல்நீரில் ஊறிய கனிமங்களையும் படிவுகளையும் தன்னுடன் கீழே கொண்டு செல்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் அக்கனிமங்களிலுள்ள நீரை வெளியேற்றுகின்றன. அந்த நீர் மேலேயுள்ள கவசப் பாறைக்குள் ஏறும்போது பாறையின் உருகுநிலை குறைகிறது. உப்பு பட்ட பனிக்கட்டி குறைந்த வெப்பத்திலேயே உருகுவதைப் போன்றது இது. இவ்வாறு உருவாகும் மாக்மா மேலேறி எரிமலை வில்லாகிறது. பின்வில் படுகையில் வெளிவரும் பசால்ட் பாறையிலும் இந்த நீரின் தடம் உண்டு. நடுக்கடல் மலைத்தொடரின் பசால்ட்டை விட அதில் பெரும்பாலும் நீர்ச்சத்து கூடுதல். பாறை மாதிரி ஒன்றை வைத்து அது எந்த வகைக் கடல்தரையில் பிறந்தது எனச் சொல்ல ஆய்வாளர்களுக்கு இது உதவுகிறது.

நெருங்கும் இடத்தில் விரிவு

இப்படுகைகள் இழுவிசையால் உண்டானவை என்ற கருத்தைத் தெளிவாக முன்வைத்தவர் அமெரிக்கப் புவியியலாளர் டேனியல் கேரிக். டோங்கா, மரியானா பகுதிகளின் கடல்தரையை ஆராய்ந்து அவர் 1970, 1971ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளமாயின. ஒரே எரிமலை வில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முன்பகுதி அகழியை நோக்கி நகர, பின்பகுதி உயிரற்ற கடலடி மேடாக எஞ்சிவிடுகிறது என்று அவர் காட்டினார். எஞ்சிய அம்மேடு எச்ச வில் எனப்படுகிறது.

முன்பகுதி ஏன் நகர வேண்டும்? அமிழும் தட்டு ஒரு சாய்தளத்தில் சறுக்கிச் செல்வது போலப் பலர் கற்பனை செய்துகொள்கின்றனர். பாடநூல் படங்களில் அம்புக்குறி அப்படித்தான் வரையப்படுகிறது. உண்மையில் பழைய கடல்தரைத் தட்டு குளிர்ந்து, கனமாகி, தன் எடையாலேயே கீழே மூழ்குகிறது. அது சாய்வாகச் சறுக்குவதோடு செங்குத்தாகவும் கீழே விழுகிறது. மேசை விளிம்பில் பாதி தொங்கும் ஈரத்துணியின் தொங்கும் பகுதி கனக்கக் கனக்க, மடிப்பு விழும் இடம் துணியின் வழியே பின்னோக்கி நகரும். அதே போல, தட்டு வளையும் இடமாகிய அகழியும் கடலை நோக்கிப் பின்வாங்குகிறது. இது அகழிப் பின்வாங்கல் எனப்படும். அகழி விலகிச் சென்றாலும் மேல்தட்டின் விளிம்புக்கும் அகழிக்கும் இடையே வெற்றிடம் விழ முடியாது. விளிம்பும் கூடவே இழுபடுகிறது. அதன் பின்னாலுள்ள பகுதி அதே வேகத்தில் தொடராவிட்டால், இடையில் மேலோடு நீண்டு கிழிகிறது.

கிழிவது பெரும்பாலும் எரிமலை வில்லின் ஓரமாகவோ அதன் நடுவிலோதான். மாக்மா ஏறி ஏறி அங்கு பாறை சூடேறி வலுவிழந்திருப்பதே காரணம்.

எல்லா அமிழ்தல் மண்டலங்களிலும் இது நடப்பதில்லை. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆண்டிஸ் எரிமலைகளுக்குப் பின்னால் நிலம் இன்று நெருக்கப்படுகிறது. அங்கே மலைகளின் பாரத்தால் மேலோடு கீழே வளைந்து, அந்த வளைவில் படிவுகள் சேர்கின்றன. அதுவும் வில்லுக்குப் பின்னால் உள்ள படிவுப் படுகையே என்றாலும் பிறப்பு முற்றிலும் வேறு. ஜப்பானிய அறிஞர்கள் செய்யா உயேதாவும் ஹிரூ கனமோரியும் 1979இல் இந்த வேறுபாட்டை ஒரு திட்டமாக வகுத்தனர். ஒரு முனையில் சிலி வகை: இளம் தட்டு தாழ்ந்த சாய்வில் அமிழும், தட்டுகள் இறுகப் பிணைந்திருக்கும், பின்வில்லில் நெருக்கம் இருக்கும், மிகப்பெரிய நிலநடுக்கங்கள் வரும். மறுமுனையில் மரியானா வகை: பழைய தட்டு செங்குத்தாக அமிழும், பிணைப்பு தளர்ந்திருக்கும், பின்வில்லில் விரிவு இருக்கும், மிகப்பெரிய நிலநடுக்கங்கள் வராது. அளவிடப்பட்ட நிலநடுக்கங்களிலேயே பெரியதான 1960ஆம் ஆண்டின் 9.5 அளவு நிலநடுக்கம் சிலியில் நிகழ்ந்தது இத்திட்டத்துக்கு வலுச் சேர்த்தது. எளிமையும் அழகும் கொண்ட திட்டம் என்பதால் அது பாடநூல்களில் விரைவாக இடம் பிடித்தது. அதற்கு என்ன நேர்ந்தது என்பது அந்தமான் கடல் பகுதியில் தெரியவரும்.

வேகத்தில் முதலிடம் டோங்காவுக்கு உரியது. டோங்கா அகழியின் வட முனையில் தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 24 சென்டிமீட்டர் நெருங்குகின்றன என்று செயற்கைக்கோள் வழி அளவீடுகள் காட்டின. அந்த நெருக்கத்தில் பெரும்பங்கு, டோங்கா வில் கிழக்கு நோக்கி ஓடுவதால் உண்டாவது. அதன் பின்னாலுள்ள லாவ் படுகை வட பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் அகல்கிறது. தெற்கே வேகம் குறைவதால் படுகை ஆப்பு வடிவில் இருக்கிறது. 2022 ஜனவரியில் உலகையே அதிரவைத்த ஹங்கா டோங்கா எரிமலை இந்த வில்லைச் சேர்ந்ததே.

மரியானாவில் நடந்திருப்பது ஒருமுறை மட்டும் நிகழ்ந்த பிளவு அன்று. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த வில் பிளந்து, பரேசெ வேலா, ஷிகோகு படுகைகள் திறந்தன. கியூஷு–பலாவ் கடலடி மேடு அப்போதைய எச்ச வில். பின்னர் முன்னே சென்ற வில்லும் பிளந்து, மேற்கு மரியானா மேட்டை விட்டுவிட்டு, இன்றைய மரியானா பள்ளம் திறக்கலாயிற்று. மேற்கிலிருந்து கிழக்காக இந்த மேடுகளையும் பள்ளங்களையும் வரிசையாகப் பார்த்தால், அகழி பின்வாங்கிய வரலாறு கடல்தரையில் பதிந்திருப்பதைக் காணலாம்.

அந்தமான் கடல்

இந்தியாவுக்குச் சொந்தமான நிலப்பகுதியிலிருந்து நேரடியாகப் பார்க்கத்தக்க பின்வில் படுகை அந்தமான் கடல் மட்டுமே. வங்காள விரிகுடாவிலிருந்து கிழக்கே செல்பவர் முதலில் அகழியைக் கடக்கிறார். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் அதை ஏறக்குறைய நிரப்பிவிட்டதால், பசிபிக் அகழிகளைப் போல அது ஆழமாகத் தெரிவதில்லை. அடுத்து வருவன அந்தமான் நிக்கோபார் தீவுகள். இவை எரிமலைத் தீவுகள் எனப் பலரும் எண்ணுகின்றனர், அது சரியன்று. அமிழும் தட்டின் மீதிருந்து சுரண்டி எடுக்கப்பட்ட கடற்படிவுகளும், பழைய கடல்தரைத் துண்டுகளும் மடிந்து உயர்ந்து உருவான முன்வில் மேடு இது. இங்குள்ள எரிமலை வில்லைச் சேர்ந்தவை போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேரன் தீவும், அதற்கும் வடக்கே உறங்கிக் கிடக்கும் நார்கொண்டம் தீவும். பேரன் தீவு 1787 முதல் பதிவான சில சீற்றங்களுக்குப் பின் நெடுங்காலம் அடங்கியிருந்து, 1991இல் மீண்டும் சீறியது. அதன் பின் பலமுறை சாம்பலும் லாவாவும் உமிழ்ந்துள்ளது. அத்தீவைத் தாண்டித் தென்கிழக்கே 4,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள மத்திய அந்தமான் படுகை இருக்கிறது. புதிய கடல்தரை பிறப்பது அங்கேதான்.

ஆனால் இங்கு விரிவுக்கு முதன்மைக் காரணம் மேலே சொன்ன அகழிப் பின்வாங்கல் அன்று. இந்தியத் தட்டு வடக்கு–வடகிழக்காக நகர்கிறது. அந்தமான் அருகே அகழியும் ஏறக்குறைய வடக்கு–தெற்காக ஓடுகிறது. எனவே தட்டு நேராக மோதாமல் ஓரமாக உரசிக்கொண்டு அமிழ்கிறது. உரசும்போது மேல்தட்டின் விளிம்பிலிருந்து ஒரு நீண்ட சிம்பு பிரிந்து, இந்தியத் தட்டோடு சேர்ந்து வடக்கே இழுபடுகிறது. இச்சிம்பைப் புவியியலாளர்கள் பர்மா சிறுதட்டு என்கின்றனர். அதன் கிழக்கு எல்லை தெற்கே சுமத்ரா பிளவுப்பெயர்ச்சியாகவும், வடக்கே மியன்மாரின் சகாயிங் பிளவுப்பெயர்ச்சியாகவும் அமைந்துள்ளது. இவ்விரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் நிலம் இழுபட்டுத் திறந்ததே மத்திய அந்தமான் படுகை. கடல்தரையின் காந்தப் பதிவுகளை ஆராய்ந்து இந்திய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இப்படுகையின் விரிவு சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டுக்கு 1.6 சென்டிமீட்டர் வேகத்தில் தொடங்கி, பின்னர் 3.8 சென்டிமீட்டராகக் கூடியது. நகம் வளரும் வேகம் இது. ஆயினும் இதற்குள் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புதிய கடல்தரை உருவாகிவிட்டது. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பகுதியைச் சிதைத்த 7.7 அளவு நிலநடுக்கம் சகாயிங் பிளவில் நேர்ந்தது. இதே சிம்பின் ஓரம்தான் அது.

ஆகவே 'பின்வில் படுகை' என்ற பெயர் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே ஒழிய, உருவான காரணத்தைச் சொல்வதில்லை. இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கல்வி சார்ந்ததன்று. உயேதா–கனமோரி திட்டத்தை மேலோட்டமாகப் பொருத்திப் பார்த்தால் அந்தமான் பகுதி மரியானா வகையின் பக்கம் சாய்கிறது: தட்டு பழமையானது, அமிழும் வேகம் குறைவு, பின்வில்லில் விரிவு. அங்கே 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏறத்தாழ 7.9 அளவிலும், 1941இல் அந்தமானில் ஏறத்தாழ 7.7 அளவிலும் பெரிய நிலநடுக்கங்கள் பதிவாகியிருந்தன. 1881இன் சுனாமி சென்னையின் அலைமானியிலும் பதிவானது. ஆனால் அலை சிறியது. 9 அளவைத் தாண்டும் ஒன்று இங்கே வரும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படவில்லை. 2004 டிசம்பர் 26 காலை வடசுமத்ராவில் தொடங்கிய முறிவு நிக்கோபாரையும் அந்தமானையும் கடந்து சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அளவு 9.1. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர்; பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானில் 13 கோடி ஆண்டு பழமையான பசிபிக் தட்டு அமிழும் இடத்தில் 9 அளவு நிலநடுக்கம் வந்தபோது, பழைய தட்டு என்றால் பேரதிர்ச்சி வராது என்ற விதி மேலும் ஆட்டம் கண்டது. பின்வில்லில் விரிவு இருப்பதை முன்னாலுள்ள அகழிக்கான பாதுகாப்புச் சான்றிதழாகக் கொள்ளக் கூடாது என்பதே இன்று ஆய்வாளர்களின் நிலை. தட்டின் வயதையும் வேகத்தையும் மட்டும் வைத்து ஓர் அமிழ்தல் மண்டலத்தின் உச்ச அளவைக் கணிப்பது கைவிடப்பட்டு வருகிறது. பழைய சுனாமி மணற்படிவுகளைத் தோண்டித் தேடும் ஆய்வுகள் அதற்குப் பிறகே இப்பகுதியில் பெருகின.

அகழியும் பின்வில்லும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதற்கு அடுத்த மாதமே ஒரு சான்று கிடைத்தது. 2005 ஜனவரி கடைசி வாரத்தில் நிக்கோபாருக்குக் கிழக்கே அந்தமான் கடலடியில் நிலநடுக்கக் கூட்டம் ஒன்று வெடித்தது. சில நாட்களில் 5 அளவும் அதற்கு மேலும் கொண்ட அதிர்வுகள் 150க்கும் அதிகமாகப் பதிவாயின. அதுவரை உலகில் பதிவானவற்றுள் மிக ஆற்றல் வாய்ந்த நிலநடுக்கக் கூட்டம் என அது குறிக்கப்படுகிறது. பேரதிர்ச்சியால் மேல்தட்டு மேற்கு நோக்கித் தளர்ந்தபோது, ஏற்கெனவே இழுவிசையில் இருந்த பின்வில் பிளவுகள் விடுபட்டதே காரணம் என விளக்கப்படுகிறது.

படிவுகள் சேரும் விதம்

இளம் பின்வில் படுகையின் இரு கரைகளும் ஒரே மாதிரி நிரம்புவதில்லை. எரிமலை உயிருடன் இருக்கும் பக்கத்தில் சாம்பலும், உடைந்த லாவாக் கற்களும், சரிந்து விழும் சேறும் சேர்ந்து தடித்த விசிறியாகப் படிகின்றன. எச்ச வில்லின் பக்கம் தருவதற்கு எதுவுமில்லாததால் அங்கு மெல்லிய களிமண்ணும், நுண்ணுயிர்களின் ஓடுகளும் மட்டும் மெதுவாக இறங்குகின்றன. துளையிட்டு எடுக்கும் மாதிரிகளில் சாம்பல் அடுக்குகளை எண்ணி, வில் எப்போது சீறியது, எப்போது அடங்கியது என்று கணக்கிடுவது வழக்கம்.

பெரிய ஆறு ஒன்று அருகில் இருந்தால் கதை மாறுகிறது. ஐராவதி ஆறு ஆண்டுதோறும் 25 கோடி டன்னுக்கும் அதிகமான வண்டலை அந்தமான் கடலின் வடக்கே கொண்டு வருகிறது. மத்திய அந்தமான் படுகையின் விரிவு அச்சுப் பள்ளத்தாக்கைக்கூட இந்த வண்டல் மூடியுள்ளது. நடுக்கடல் மலைத்தொடரில் புது லாவா கடல்நீரில் பட்டு உறைவதைப் பார்க்கலாம். இங்கோ மாக்மா சேற்றுக்குள் நுழைந்து அதற்குள்ளேயே உறைகிறது.

அந்தமான் கடலின் மியன்மார் பகுதியில் யாதானா எரிவாயு வயல் உள்ளது. அணைந்துபோன எரிமலைத் திட்டு ஒன்றின் மேல் வளர்ந்த சுண்ணாம்புக்கல்லில் அந்த வாயு தேங்கியிருந்தது. 1998 முதல் அது குழாய் வழியே தாய்லாந்துக்குச் செல்கிறது.

சுமத்ராவின் எண்ணெய்ப் படுகைகள்

படிவுப் படுகை என்ற வகையில் மிக நன்றாக ஆராயப்பட்ட பின்வில் பகுதி சுமத்ரா தீவின் கிழக்குப் பாதி. ஆய்வுக்குக் காரணம் எண்ணெய். தீவின் மேற்கு ஓரமாகப் பாரிசான் மலைத்தொடரும் எரிமலைகளும் ஓடுகின்றன. அவற்றுக்குக் கிழக்கே வடசுமத்ரா, மத்திய சுமத்ரா, தென்சுமத்ரா என மூன்று படுகைகள் தாழ்ந்த சதுப்பு நிலத்தின் அடியில் புதைந்துள்ளன.

இவை திறந்தது இயோசீன், ஒலிகோசீன் காலங்களில். பரோட்டா மாவை இருபுறமும் இழுத்தால் நடுவில் மெலிவதைப் போல மேலோடு மெலிந்தது. ஆனால் மேலோட்டின் மேற்பகுதி மாவைப் போல் நீளாது, முறியும். முறிந்த துண்டுகள் சாய்ந்து இறங்கி, ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் சரிவாகவும் உள்ள நீண்ட பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் ஏரிகள் தேங்கின. ஆழமான ஏரித் தரையில் ஆக்சிஜன் குறைவாக இருந்ததால், இறந்து விழுந்த பாசிகள் மட்காமல் களிமண்ணோடு படிந்தன. மத்திய சுமத்ராவின் எண்ணெய்க்கெல்லாம் தாய்ப்பாறை, பெமாத்தாங் தொகுதியைச் சேர்ந்த அந்தப் பழுப்புக் களிப்பாறையே. பின்னர் இழுவிசை ஓய்ந்து, மெலிந்த மேலோடு குளிர்ந்து அகலமாகத் தாழ்ந்தபோது கடல் உள்ளே வந்தது. டெல்ட்டா மணல் விரிந்தது. மயோசீன் காலத்தின் நடுவிலிருந்து நெருக்கம் தொடங்கி, படிவுகள் மெல்ல மடிந்தன. மடிப்பின் முகடுகளில் இருந்த மணற்கல்லில் எண்ணெய் ஏறித் தேங்கியது. இழுவை, தாழ்வு, நெருக்கம் என்ற இந்த வரிசையில் ஒன்று மாறியிருந்தாலும் எண்ணெய் கிடைத்திருக்காது.

இதற்கு வெப்பமும் துணை நின்றது. சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடும். மத்திய சுமத்ராவின் பல இடங்களில் அது 60 டிகிரியைத் தாண்டுகிறது. மெலிந்த மேலோட்டின் அடியில் சூடான கவசம் நெருங்கி இருப்பது பின்வில் பகுதிகளின் பொது இயல்பு. அதனால் பிற இடங்களில் மிக ஆழத்தில் நிகழும் எண்ணெய் உருவாக்கம் இங்கு குறைந்த ஆழத்திலேயே முடிந்துவிட்டது.

வடசுமத்ராவின் லங்காட் பகுதியில் புகையிலைத் தோட்டப் பணியில் இருந்த ஏல்கோ சைல்கர் என்ற டச்சுக்காரர் 1880இல் அங்கே எண்ணெய்க் கசிவைக் கவனித்து, 1885இல் தெலாகா சைத் அருகே வணிக அளவில் எண்ணெய் எடுக்கும் கிணற்றைத் தோண்டினார். 1890இல் உருவான ராயல் டச்சு நிறுவனம் இதிலிருந்தே பிறந்தது. அதே காலத்தில் அதே டெலி, லங்காட் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களும் கொண்டு செல்லப்பட்டனர். மேடான் நகரில் தமிழர்கள் வாழ்வது அதன் தொடர்ச்சி. மத்திய சுமத்ராவின் மினாஸ் வயல் கண்டறியப்பட்டது வேறு விதம். அமெரிக்க நிறுவனம் ஒன்று இடம் குறித்து வைத்திருந்த கிணற்றை, போர்க்காலத்தில் தீவைப் பிடித்த ஜப்பானியர் 1944இல் தோண்டி எண்ணெய் கண்டனர். தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப்பெரிய எண்ணெய் வயலாக அது விளங்கியது.

வெந்நீர் ஊற்றுகளும் தாதுக்களும்

விரியும் கடல்தரையின் விரிசல்களில் கடல்நீர் இறங்கி, மாக்மாவால் சூடேறி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் வெளியேறுகிறது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் கந்தகச் சேர்மங்கள் படிந்து புகைபோக்கி வடிவத் தூண்கள் எழுகின்றன. நடுக்கடல் மலைத்தொடர்களிலும் இவை உண்டு. ஆனால் பின்வில் படுகைகளில் உள்ளவற்றில் செம்பு, துத்தநாகத்தோடு ஈயம், வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் பங்கு பொதுவாக அதிகம். ஜப்பானின் அகிதா பகுதியில் நெடுங்காலம் வெட்டப்பட்ட 'குரோகோ' தாதுக்கள், ஜப்பான் கடல் திறந்த காலத்தில் இவ்வாறு கடலடியில் படிந்தவை. குரோகோ என்றால் கருந்தாது.

இன்று சர்ச்சை, உயிருள்ள ஊற்றுகளை வெட்டலாமா என்பதில். பப்புவா நியூ கினியாவின் மானுஸ் படுகையில், 1,600 மீட்டர் ஆழத்திலுள்ள ஒரு ஊற்றுத் திடலுக்கு 2011இல் சுரங்க உரிமம் வழங்கப்பட்டது. அங்கு தோண்டாமலேயே 2019இல் அந்நிறுவனம் திவாலானது. நாட்டின் அரசும் அதில் முதலீடு செய்திருந்தது. ஜப்பான் 2017இல் ஓக்கினாவா பள்ளத்தில் ஏறக்குறைய அதே ஆழத்திலிருந்து தாதுவை மேலே கொண்டுவரும் சோதனையைச் செய்துகாட்டியது. இவ்வூற்றுகளைச் சார்ந்தே வாழும் உயிரினங்கள் பல. 1987இல் மரியானா பள்ளத்தில் ஆல்வின் நீர்மூழ்கி கண்ட மயிர் போர்த்திய நத்தை அவற்றுள் ஒன்று. அதன் இனப்பெயரிலேயே ஆல்வின் இருக்கிறது. ஓர் ஊற்றுத் திடலின் பரப்பு சில நேரங்களில் ஒரு பள்ளி விளையாட்டு மைதானம் அளவே. அதை முழுவதும் வெட்டிவிட்டால் அங்குள்ள உயிர்கள் ஒதுங்கிச் செல்ல இடமில்லை.

மூடத் தொடங்கும் படுகைகள்

பின்வில் படுகைகளின் ஆயுள் குறைவு. பெரும்பாலானவை சில கோடி ஆண்டுகளுக்குள் விரிவை நிறுத்திவிடுகின்றன. ஜப்பான் கடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பான் ஒருகாலத்தில் ஆசியக் கண்டத்தின் விளிம்பாக இருந்தது. பழைய பாறைகளில் உறைந்துள்ள காந்தத் திசைகளை அளந்தபோது, தென்மேற்கு ஜப்பான் கடிகாரச் சுற்றிலும், வடகிழக்கு ஜப்பான் எதிர்ச்சுற்றிலும் திரும்பியிருப்பது தெரிந்தது. இரட்டைக் கதவு திறப்பதைப் போலக் கண்டத்தை விட்டு விலகிய இந்நகர்வு சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுக்கு வந்தது. 1989இல் நடந்த ஆழ்கடல் துளையிடல்கள் கடல்தரையின் வயதை உறுதிசெய்தன.

இப்போது ஜப்பான் கடலின் கிழக்கு விளிம்பு நெருக்கப்படுகிறது. கடல் திறந்தபோது இறங்கிய அதே பிளவுப்பெயர்ச்சிகள் பலவற்றில் பாறைகள் தலைகீழாக மேலே தள்ளப்படுகின்றன. ஒருமுறை முறிந்த இடம் மறுமுறையும் எளிதாக நகரும். 1983 மே 26 அன்று அகிதா கரைக்கு அப்பாலும், 1993 ஜூலையில் ஒகுஷிரி தீவருகிலும் நேர்ந்த நிலநடுக்கங்கள் சுனாமியை எழுப்பின. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பத்தைத் தாக்கியதும் நெருக்கத்தால் பாறை மேலே தள்ளப்பட்ட நிலநடுக்கமே. அப்போது சில கடற்கரைகள் பல மீட்டர் உயர்ந்து மீன்பிடித் துறைமுகங்கள் வறண்டன. இந்த விளிம்பில் பிளவுகள் கரைக்கு மிக அருகில் இருப்பதால், பசிபிக் பக்கத்தைப் போல அரைமணி நேர அவகாசம் கிடைப்பதில்லை. 1993இல் ஒகுஷிரியில் அலை சில நிமிடங்களிலேயே ஊருக்குள் வந்துவிட்டது.